சிலிண்டர் அறையில் ஒரு முடிச்சுக் கயிறு

போன மாதம் தேன்மொழி என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் நீல நைலான் நூல் ஒரு சுருள், அதிலிருந்து நிறைய கிளைநூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா, பொண்ணுங்க ஸ்கூல் சிலிண்டர் ரூம்ல ஆணியில மாட்டியிருந்துச்சு. ஏதோ விழாவுக்குத் தோரணம் கட்டுன கயிறுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. தூக்கிப் போட்டுடலாமா?"

"போட்டுடாத" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது போல. அவள் பயந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நான் விட்டுவந்த வேலையில் இப்போது இருப்பவள் தேன்மொழி. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகங்களுக்கு மண்ணுக்கடியில் கேஸ் குழாய் பதிக்கிற வேலை. அவள் பதிக்கும் குழாய்களோடு கூடவே ஒரு செம்புக் கம்பியையும் புதைக்கிறார்கள். மேலே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், குழாய் போகும் இடத்தில் 'பீப்' என்று கத்துமாம். எங்கள் காலத்தில் கம்பியும் இல்லை, கருவியும் இல்லை. அந்த நீல நூல்தான் இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டாள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. "எழுதிக் குடுங்கக்கா" என்றாள். எழுதுகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் எழுதுகிறார் என்றால் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு முப்பத்தொரு வயதுதான். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தது பல வருடம் கழித்துக் கனிந்தது. எங்கள் வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். அதற்கு முன்பு, பத்தாவது முடித்த முதல் ஆளும் நான், பன்னிரண்டாவது முடித்த முதல் ஆளும் நான். இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கேஸ் குழாய் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதும் உண்மை. மழை பெய்து முடித்த மண்ணின் வாசனை வந்தால் இன்றைக்கும் என் கால் தானாகக் குழியைத் தேடுகிறது.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. அப்பா ஏழுமலை மண் வெட்டுகிறவர். கிணறு, அஸ்திவாரம், குழாய்க் குழி, எதுவானாலும் கூப்பிடுவார்கள். நான் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தேன். அங்கே வேதியியல் ஆய்வகத்தில் கேஸ் இல்லை, ஸ்பிரிட் விளக்குதான். அந்தச் சுடருக்குச் சூடு போதாது. உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையில், சுடரில் காட்டினால் பேரியம் ஆப்பிள் பச்சையில் எரியும் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தோம். நான் அந்தச் சுடரையும் பார்த்ததில்லை, பச்சை ஆப்பிளையும் பார்த்ததில்லை. பரீட்சையில் 'ஆப்பிள் பச்சை' என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

பிறகு ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு. ஸ்கேல் பென்சிலும் டிராஃப்டர் பலகையுமாக அந்த வருடங்கள் ஓடிப்போயின. முடித்ததும் ஜலால் பாயிடம் சேர்ந்தேன்.

ஜலால் பாய் குழாய் வேலையில் பேர் பெற்றவர். பள்ளிக்கூடங்கள் ஆய்வகத்துக்கு கேஸ் போட ஆரம்பித்த நேரம் அது. சிலிண்டரை ஆய்வகத்துக்குள் வைக்கக்கூடாது. வெளியே தனி அறை கட்டி, அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் கொண்டுவர வேண்டும். இரும்புக் குழாய் துருப் பிடிக்கும் என்று மஞ்சள் நிற வளையும் குழாய் புதிதாக வந்திருந்தது. பெரிய சக்கரமாகச் சுருட்டிச் சென்னையிலிருந்து லாரியில் வரும். அதற்கு வரைபடம் கேட்டார்கள். பாய்க்கு வரையத் தெரியாது. அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார். குழி வெட்ட யாராவது தெரியுமா என்று கேட்டார். "எங்கப்பா வெட்டுவாரு" என்றேன். அப்படித்தான் நானும் அப்பாவும் ஒரே இடத்தில் வேலைக்குப் போகிறவர்களானோம். அவர் சைக்கிள் ஓட்ட, பின்னால் நான் மண்வெட்டியையும் வரைபடச் சுருளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். குழிக்குள் இறங்கும்போது என் துணி அழுக்காகாமல் இருக்க அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை மேலே போட்டுக்கொள்வேன்.

பாயின் பழக்கங்களைச் சொல்ல வேண்டும். குழிக்குள் செருப்போடு இறங்க மாட்டார். குழாயைச் சுமந்து வருகிறவனிடம் கத்துவார், குழாயிடம் மெதுவாகப் பேசுவார். மூட்டுகளில் கசிவு பார்க்க முகச்சவரப் பிரஷ் ஒன்று வைத்திருந்தார். சோப்பு நுரையை அதில் எடுத்து, குழந்தைக்குச் சாந்து வைப்பது போல ஒவ்வொரு மூட்டையும் சுற்றித் தடவுவார். குமிழி வந்தால் கசிவு. வெள்ளிக்கிழமைகளில் கேஸைத் திறந்துவிடும் வேலையே வைத்துக்கொள்ள மாட்டார். தொழுகைக்கு அத்தர் பூசிக்கொள்வார். அந்த வாசனையில் கேஸ் நாற்றம் தன் மூக்குக்குத் தெரியாமல் போய்விடுமாம். "என் மூக்குக்கு வெள்ளிக்கிழமை லீவு" என்பார்.

குழாயை நேராக இழுத்துப் பதிக்கக் கூடாது. முதல் நாளே சுருளை அவிழ்த்து வெயிலில் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் மறுபடி சுருளத்தான் பார்க்கும். குழிக்குள் அது லேசாக நெளிந்து படுத்திருக்க வேண்டும். குளிரில் சுருங்கினாலும் இழுபடாது. கீழே சலித்த மண், மேலே சலித்த மண். கல் ஒன்று கூடக் குழாயில் படக்கூடாது. மண்ணுக்குள் மூட்டு எதுவும் இருக்கவே கூடாது. சிலிண்டர் அறையிலிருந்து ஆய்வகம் வரை ஒரே துண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, குழியை மூடுமுன் இரண்டு நோட்டு. காம்பவுண்டுச் சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளிப் போகிறது, எவ்வளவு ஆழம் என்று ஆறடிக்கு ஓர் இடத்தில் அளக்க வேண்டும். முதல் நோட்டில் ஓர் ஆள் அளந்து எழுதுவார். இரண்டாவது நோட்டில் வேறோர் ஆள், முதல் நோட்டைப் பார்க்காமல், மறுபடி அளந்து எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வரைபடம், அதன்பிறகுதான் மூடல். "மூடிட்டா அப்புறம் மண்ணுக்குத்தான் தெரியும். மண்ணு பேசாது" என்பார் பாய்.

நான் படித்த அதே பள்ளியில் வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு வேதியியல் எடுத்த ராஜலட்சுமி டீச்சர் இப்போது தலைமையாசிரியை. நான் வரைபடத்தைச் சுவரில் விரித்து ஒட்டியபோது கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"பச்சையம்மா, நீயா போட்ட இது?"

"ஆமாம் டீச்சர்."

"இந்த வருஷம் பிராக்டிகலுக்கு பொண்ணுங்க கேஸ் அடுப்புலதான் பண்ணணும். பிப்ரவரிக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும் டீச்சர்" என்றேன். என் பள்ளிக்கு நானே கேஸ் கொண்டுவந்து தருவேன் என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் பச்சைச் சுடரைப் பார்ப்பார்கள் என்று.

குழி வெட்டி முடிக்க ஐந்து நாள். ஐப்பசி மழை வந்து வந்து போனது. சுவரிலிருந்து எட்டடி தள்ளி நேர்கோடாகக் குழாய் வர வேண்டும். கடைசி நாள் காலையில் நானே முதல் நோட்டில் அளவெல்லாம் எடுத்து முடித்தேன். எல்லா இடத்திலும் எட்டு அடி, மூன்றடி ஆழம். மத்தியானம் பாய் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டார். இரண்டாவது அளவை அவரோடு வருகிற ஃபிட்டர்தான் எடுப்பார். அவரையும் பாய் கூட்டிப்போயிருந்தார். "சாயங்காலத்துக்குள்ள வேற யாரையாவது வெச்சு ரெண்டாவது நோட்டைப் போட்டுடு பச்சம்மா. நீயே ரெண்டையும் போடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் ராஜலட்சுமி டீச்சர் ஆள் அனுப்பினார். ஆசிரியர் அறைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

படித்த காலத்தில் அந்த அறை வாசலில் நோட்டுக் கட்டோடு நின்றிருக்கிறேன். உள்ளே போனதில்லை. இப்போது நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் டீ, தட்டில் இரண்டு பிஸ்கெட். "இவ நம்ம ஸ்கூல் பொண்ணு. இப்ப இன்ஜினியர் மாதிரி" என்று டீச்சர் எல்லோரிடமும் சொன்னார். ஒருவர் என் சம்பளம் கேட்டார், ஒருவர் தன் பெண்ணையும் ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா என்று கேட்டார். ஜன்னல் வழியாகக் குழி தெரிந்தது. குழிக்கரையில் உட்கார்ந்து அப்பா தூக்குச் சட்டியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு எழுந்து கடப்பாரையால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மழை வருமுன் மூடியாக வேண்டும். எழுந்து போய் ஓர் ஆளைத் தேடி அளப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்த நாற்காலியிலேயே, மடியில் வைத்து, முதல் நோட்டைப் பார்த்து இரண்டாவது நோட்டை எழுதினேன். நான் அளந்தது சரியாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

நான் வெளியே வந்தபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. மேலே வகுப்பறை ஜன்னல்களில் பெண்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பச்சை, இங்க ஒரு பாறை" என்றார் அப்பா. "காலைல அதும்மேலதான் குழாய் படுத்திருந்துச்சு. முனை குத்தும்னு குழியை இந்தப் பக்கமா அகலமா வெட்டி, குழாயை நவுத்தி வளச்சிட்டேன். பாறை சரிஞ்சி இருக்குறதால ஆழமும் கம்மியா கீது. பாத்துக்கினியா?"

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சேற்றில் நின்று, அப்பாவிடம் பாடம் கேட்பது போல.

"எல்லாம் எனக்குத் தெரியும்பா. நீங்க மூடுங்க."

அவர் மண்வெட்டியை எடுத்தார். சலித்த மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார். பாய் திரும்பி வந்து இரண்டு நோட்டையும் புரட்டினார். ஒத்துப்போயிருந்தன. இரண்டாவதை யார் அளந்தது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார். குழாய்க்குள் காற்றை ஏற்றி அழுத்தம் பார்த்தோம். கேஜ் முள் அசையவில்லை. கொஞ்சம் காற்றை உள்ளேயே விட்டுப் பூட்டினார் பாய். "எப்பவாவது ஓட்டை விழுந்தா முள்ளு சொல்லும்" என்றார். ஆய்வக மேசைகளுக்குத் தச்சு வேலை பாக்கி இருந்தது. அது முடிந்த பிறகு கேஸ் இணைப்பதாகப் பேச்சு.

நடுவில் தீபம் வந்தது. தீபத்துக்கு எங்கள் ஊரில் எந்த மைதானம் சும்மா இருக்கும்? பள்ளி மைதானத்தில் பக்தர்களுக்கு அன்னதானப் பந்தல் போட்டார்கள். ராஜலட்சுமி டீச்சர் மிகவும் கவனமான மனுஷி. சிலிண்டர் அறைச் சுவரில் நான் ஒட்டிய வரைபடத்தைப் பார்த்து, சுவரிலிருந்து எட்டடி அளந்து, சுண்ணாம்பால் கோடு போட வைத்தார். "இந்தக் கோட்டுல இருந்து மூணு அடி தள்ளித்தான் முளை அடிக்கணும்" என்று பந்தல்காரர்களிடம் சொன்னார். அவர்களும் சொன்னபடி மூன்றடி தள்ளித்தான் இரும்பு முளைகளை அடித்தார்கள்.

பொங்கல் முடிந்து கேஸ் இணைக்கப் போனோம். சிலிண்டர் அறையைத் திறந்த பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். கேஜ் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"யாரோ வால்வைத் திருகிட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி காற்றை ஏற்றினார். முள் ஏறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கியது. ஆய்வகத்தில் பன்னிரண்டு மேசை, மேசைக்கு இரண்டு குழாய்த்திருகு. எல்லாவற்றுக்கும் பிரஷ்ஷால் நுரை தடவினோம். ஒரு குமிழி இல்லை. பிறகு பாய் ஆய்வகத்துக்குள் நுழையும் இடத்தில் இருந்த வால்வை மூடச் சொன்னார். அதை மூடினால் ஆய்வகம் தனி, மண்ணுக்கடியில் உள்ள குழாய் தனி. மூடிய பிறகும் முள் இறங்கியது.

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்தைப் பார்த்தேன். முளை பிடுங்கிய குழிகள் வரிசையாக இருந்தன.

ராஜலட்சுமி டீச்சர் வந்தார். "என்னாச்சு பாய்? பிராக்டிகலுக்கு இருபது நாள்தான் இருக்கு."

"மண்ணுக்கடியில ஓட்டை மேடம். முழுக்கத் தோண்டிப் புதுக் குழாய் போட்டாத்தான் ஆவும். உள்ள மூட்டுப் போட மாட்டேன்."

"எப்படி ஓட்டை விழுந்துச்சு?"

பாய் பிரஷ்ஷை உதறினார். "மண்ணு மூடுறப்ப கல்லு கலந்திருக்கும். மேல பாரம் ஏறி அழுத்திருக்கும். வேற காரணம் எனக்குத் தோணல."

அப்பா சற்றுத் தள்ளி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"சலிச்ச மண்ணுதான் போட்டேன் பாய்."

"போட்டீங்கண்ணே, தெரியும். மழை வந்துச்சே அன்னிக்கு. அவசரத்துல நாலு கல்லு உழுந்திருக்கும். யாருக்கும் ஆவறதுதான்."

"நான் போட்ட மண்ணுல கல்லு இருக்காது." அப்பா சத்தமாகப் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ராஜலட்சுமி டீச்சர் பெருமூச்சு விட்டார். "படிக்காத ஆளுங்களை வெச்சு இந்த மாதிரி வேலை செஞ்சா இப்படித்தான் ஆவும் போல" என்றார் பாயிடம். மண்வெட்டியோடு நின்றவர் என் அப்பா என்பது டீச்சருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அவ்வளவு நாளாக ஒரே மைதானத்தில் வேலை செய்தும் சொன்னதில்லை.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"டீச்சர், அவரு எங்கப்பா" என்றேன். "ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

சிலிண்டர் அறையிலிருந்து காலால் அளந்துகொண்டே நடந்தேன். பன்னிரண்டாவது அளவு இடத்தில் நின்றேன். எட்டடிக் கோட்டைத் தாண்டிப் பதினோரு அடியில் ஒரு முளைக்குழி. அன்னதானத்து வாழை இலைச் சருகும் மண்ணும் அதில் அடைத்திருந்தது. அப்பா எதுவும் கேட்காமல் வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தார். சருகை எடுத்துவிட்டு ஊற்றினார். பாய் போய்க் காற்றை ஏற்றினார்.

தண்ணீர் உள்ளே இறங்கியது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. பிறகு கொத்துக்கொத்தாக, பால் பொங்குவது போல.

"பதினோரு அடில எப்படிக் குழாய் வந்துச்சு?" பாய் குனிந்து கேட்டார். "ரெண்டு நோட்டுலயும் எட்டு அடிதானே?"

பாய் பையிலிருந்து இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இருந்தா ரெண்டும் ஒண்ணா இருக்கும்" என்றார். "தப்பும் ஒண்ணா இருக்கே பச்சம்மா."

"ரெண்டாவது நான் அளக்கல பாய். மொத நோட்டைப் பாத்து எழுதிட்டேன். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்துக்கினு எழுதினேன். பாறை இருக்குறதால குழாயை வளச்சேன்னு அப்பா சொன்னாரு. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பாய் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, "கீழ கையெழுத்து என்னுது மேடம். தப்பும் என்னுதுதான். பத்து நாள்ல முடிச்சிக் குடுக்குறேன்" என்றார். அப்புறம் அப்பாவிடம் போனார்.

"ஏழுமலையண்ணே, உங்களைச் சொல்லிட்டேன்."

"மண்ணத்தானே சொன்னீங்க" என்றார் அப்பா. "மண்ணு கோவிச்சுக்காது."

அன்று சைக்கிளில் திரும்பும்போது நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்தேன். பாதி தூரம் தாண்டித்தான் அப்பா பேசினார்.

"நீ மத்தியானத்துக்கு மேல அளக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பச்சை."

"அப்புறம் ஏம்பா சொல்லல?"

"படிச்ச பொண்ணு. காயிதத்துல வேற ஏதாச்சும் கணக்கு வெச்சிருப்பன்னு நெனச்சேன்."

என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் படித்ததால் அப்பா வாயை மூடிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் படிப்பு அப்படி உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் போனேன். பாய் ஒரு வார்த்தை பழையதைப் பேசவில்லை. கொத்தனார்கள் சுவர் கட்ட வைத்துக்கொள்ளும் நீல நைலான் நூல் உருண்டை ஒன்றை அப்பா கையில் கொடுத்தார்.

"அண்ணே, இனிமே ரெண்டாவது நோட்டு நீங்கதான்."

"எனக்கு எழுதத் தெரியாதே பாய்."

"அதான் வேணும். எழுதத் தெரிஞ்சாத்தானே பாத்து எழுத முடியும்?" என்றார் பாய். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு.

அந்த வழியை அப்பாவே கண்டுபிடித்தார். ஒரு நீள நூல் சுவரோடு போகும். ஆறடிக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கிளைநூலைக் கட்டி, சுவரிலிருந்து குழாய் வரை இழுத்து, அந்த இடத்தில் அறுப்பார். கிளையின் நீளம்தான் தூரம். ஆழம் குறைவாக இருக்கிற இடத்தில் கிளையின் நுனியில் ஒரு முடிச்சு கூடுதல். நான் நோட்டில் எழுதுவேன். அப்பா நூலில் கட்டுவார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் ஆய்வகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கடைசியில் பாய் நூலைச் சுவரோடு விரித்து, டேப் வைத்து, என் நோட்டோடு ஒப்பிடுவார். ஒத்துப்போனால் கையெழுத்து. நூலைச் சுருட்டி சிலிண்டர் அறை ஆணியில் மாட்டுவோம்.

முதல் நூல் அந்தப் பள்ளியினுடையது. பத்து நாளில் மறுபடி தோண்டி, பாறையைச் சுற்றி ஆழமாகவே வளைத்து, புதுக் குழாய் போட்டோம். சுவரில் இருந்த வரைபடத்தைக் கிழித்துவிட்டு, புது அளவுகளோடு வேறொன்று வரைந்து ஒட்டினேன். கேஸ் திறந்துவிட்ட அன்று வியாழக்கிழமை. பாயின் மூக்குக்கு வேலை நாள். ராஜலட்சுமி டீச்சர் என்னையும் அப்பாவையும் ஆய்வகத்துக்குள் கூப்பிட்டார். அப்பா வாசலிலேயே நின்றார். டீச்சர் தானே ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அவருக்குப் போட்டார். பிறகு பேரியம் உப்பைக் கம்பியில் தொட்டு என் கையில் கொடுத்தார்.

"காட்டு."

நீலச் சுடரில் காட்டினேன். பச்சையாக எரிந்தது. இளம்நெல் நாற்றின் பச்சை. ஒரு நொடிதான், போய்விட்டது. மறுபடி தொட்டு மறுபடி காட்டினேன்.

"நாத்து மாதிரி கீது" என்றார் ஸ்டூலிலிருந்து அப்பா.

அதன்பிறகு ஏழெட்டு வருடம். எத்தனை பள்ளி, எத்தனை மழை. பாய் ஊரை விட்டு மகனோடு போனார், தொழிலை வேறு ஆள் எடுத்தார். எனக்கு அரசாங்க ஆணை வந்தது. "போய்ச் சேரு. யோசிக்காத" என்றார் அப்பா. சேர்ந்தேன். இப்போது நான் வேலை செய்யும் பள்ளியிலும் கேஸ் இருக்கிறது. வேறு யாரோ பதித்த குழாய். தினமும் காலையில் திருகைத் திறந்து, பெண்களும் பையன்களும் சுடரைப் பற்றவைப்பதைப் பார்க்கிறேன். நல்ல வேலைதான். மதியம் ஜன்னலோரம் நின்றால் மைதானம் தெரியும், குழி தெரியாது.

தேன்மொழி வந்த கதைக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண்கள் பள்ளியில் புதிதாக வகுப்பறை கட்டுகிறார்கள். சுவரை ஒட்டித் தூண் குழிகள் வெட்ட வேண்டும். பழைய கேஸ் குழாய் சரியாக எங்கே போகிறது என்று தெரியாமல் தொட முடியாது. செம்புக் கம்பி இல்லாத குழாய், அதனால் அவள் கருவி கத்தாது. என் பழைய வரைபடம் மட்டும் இருக்கிறது.

"சந்தேகம் இருந்தா ஒரு இடத்துல தோண்டிப் பாத்துடுவோம்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். போகும்போது அப்பாவின் காக்கிச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் தோண்டினால் யாராவது இறங்கித்தானே ஆக வேண்டும்.

தேன்மொழி வரைபடத்தைப் பார்த்து, டேப்பால் அளந்து, சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டு போனாள். அவள் முடிக்கும்வரை நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பிறகு அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். நூலைச் சுவரோடு விரித்து, முடிச்சு முடிச்சாக, கிளை கிளையாக இழுத்து, செங்கல் தூளால் என் புள்ளிகளை வைத்தேன். ஆறாவது முடிச்சு, ஏழாவது, எட்டாவது. பிறகு பன்னிரண்டாவது முடிச்சு. கிளை மற்றவற்றைவிட நீளமாக வந்தது. அப்பாவின் பல்லால் இறுக்கிய முடிச்சு, இன்னும் இளகவில்லை. இழுத்துப் பிடித்துத் தூளை வைத்தேன்.

வெள்ளையின் மேல் சிவப்பு விழுந்தது.

"அக்கா, ஒரு இஞ்ச்கூட மாறல!" தேன்மொழி துள்ளினாள். "கடைசி வரைக்கும் ஒண்ணுமேல ஒண்ணு. தோண்டிப் பாக்கவே வேணாம்."

"ஆமாம். வேணாம்" என்றேன்.

நூலைச் சுருட்டி ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் வீட்டில் அப்பா பையைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இப்போது அவருக்கு முதுகு நிமிர்வதில்லை. மண்வெட்டி தொட்டு இரண்டு வருடம் ஆகிறது.

"சேறே படலியே?"

"படலப்பா. குழி வெட்டல."

"அப்ப அளவு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சட்டையை உதறி, பழைய ஆணியிலேயே மாட்டினார்.